பொறுப்புச் சூரியன்

உதிர்வு மாதம், கடைசி நாள். வழியனுப்புத் திருநாள்

சாப்பாட்டு ஆசைதான் என்னைக் கெடுத்தது. இதை இன்றே எழுதி வைத்துவிடுகிறேன். நாளாக ஆக, விதி, தெய்வச் செயல் என்று நானே மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

இன்று மதியம் சூரியன் முட்டுமலையின் விளிம்பில் நகக்கீற்று அளவுக்குத் தலைகாட்டிவிட்டுப் போய்விட்டது. இனி மூன்று மாதம் நிழல்பருவம். கிண்ணத்தூருக்கு வெயில் கிடையாது. எங்கள் ஊர் மலைகளுக்கு நடுவே, பாத்திரத்தின் அடியில் ஒட்டிய சோறு மாதிரிக் கிடக்கிறது. சூரியன் தாழ்வாகப் போகிற காலத்தில் அதன் கண்ணுக்கு நாங்கள் படுவதில்லை. மதியத்தில் கொஞ்ச நேரம், தண்ணீர் கலந்த பால் போல ஒரு வெளிச்சம் வரும். அவ்வளவுதான். வழக்கம்போல ஊரே மேட்டில் கூடி, பயணம் போகிறவருக்குச் செய்வதுபோல் கட்டுச்சோறு கட்டி வைத்துக் கையசைத்தோம். என் அக்கா நச்சி வருஷா வருஷம் அழுவாள். இந்த வருஷமும் அழுதாள். “பத்திரமாப் போயிட்டு வாப்பா” என்றாள். அந்தக் குரலில் அவள் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை.

அதற்குப் பிறகு கொழுக்கட்டை. ஊருக்கெல்லாம் சேர்த்து அவிப்பதில் ஒன்றே ஒன்றுக்குள் மட்டும் பூரணத்தோடு ஒரு காய்ந்த மிளகாயை வைத்திருப்பார்கள். அது யார் வாயில் அகப்படுகிறதோ அவர்தான் வெயில் திரும்பும்வரை பொறுப்புச் சூரியன். தினமும் ஊருக்கு முன்னால் எழுந்து, மஞ்சள் அங்கி மாட்டி, தலையில் பித்தளைத் தட்டைக் கட்டிக்கொண்டு, கிழக்கு வாசலில் உதித்து மேற்கு வாசலில் மறைய வேண்டும். வழியில் எல்லாக் கதவையும் தட்டி “விடிஞ்சாச்சு” என்று சொல்ல வேண்டும். வீட்டார் “வாங்க வெயிலே” என்று உள்ளே கூப்பிட்டுச் சூடாக ஏதாவது கொடுப்பார்கள். முகம் சுளிக்கக் கூடாது. விடுமுறை கிடையாது.

விவரமானவர்கள் ஒரு கொழுக்கட்டையோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் மிச்சம் இருந்ததையெல்லாம் ஒரு கை பார்த்தேன். மிளகாய் பல்லில் பட்டதும் சத்தமில்லாமல் விழுங்கிவிடலாம் என்று நினைத்தேன். ஊர்த்தலைவி எயினி நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

“என்னப்பா நன்னா, கண்ணு கலங்குது?”

“வெயில் போன துக்கம்மா.”

“துக்கத்துல காதுமா சிவக்கும்?”

அடுத்த நொடி இருமல் வந்து எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டது. ஊர் சிரித்த சிரிப்பு மலையில் பட்டுத் திரும்பி வந்தது. நியாயம்தான். நான் மெத்தை தைக்கிறவன். என் சரக்கை நானே சோதித்துப் பார்க்கும் சாக்கில் மதியம்வரை தூங்குகிறவன். என் ஐம்பது வயதில் உதயம் என்ற ஒன்றை நான் பார்த்தது, வேறு எதற்கோ எழுந்தபோதுதான்.

அக்கா அழுகையை நிறுத்திவிட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

முன்நிழல் 1

உதித்தேன்.

அதாவது அக்கா ஒரு செம்புத் தண்ணீரை என் கழுத்தில் ஊற்றினாள். தட்டு என் தலைக்குப் பெரிது. தெருவில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே அது கண்ணை மறைத்து, நான் யாருடைய ஆட்டின் மேலோ மோதினேன். ஆடு என்னை வெயிலாக மதிக்கவில்லை.

போகப் போகப் பழகிவிட்டது. எல்லா வீட்டிலும் கஞ்சி. பருப்புக் கஞ்சி, சோளக் கஞ்சி, பேர் தெரியாத கஞ்சி. மறுக்கக் கூடாது.

மேற்கு வாசலுக்குப் பக்கத்தில் கடைசி வீடு குமிழியுடையது. கதவு சாத்தியிருந்தது. புகைபோக்கியில் புகை இல்லை. தட்டினேன்.

“விடிஞ்சாச்சு.”

“விடியல” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கொஞ்சம் நின்றுவிட்டு, வாசல் படியிலேயே மறைந்துவிட்டு வந்தேன்.

குமிழி என்னோடு ஒரே தெருவில் வளர்ந்தவள். தயிர் விற்கிறாள். அவள் புருஷன் இறந்துபோய் வெகுகாலம் ஆகிறது. ஒரே மகன் ஓரி. அறுவடை முடிந்ததும் கம்பளி வியாபாரிகளோடு கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் போனான். திரும்பும்போது வழியில் மலைச்சரிவு. மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவனைக் காணோம். தேடப் போவதற்குள் பனி விழுந்து கணவாய் அடைத்துக்கொண்டது. இனி அது திறக்கும்போதுதான் எதுவும் தெரியும். அவளுக்கு விடியவில்லை என்றால் அது உண்மைதான். ஆனால் நான் சூரியன். நான் என்ன செய்ய?

முன்நிழல் 2

வயிறு சரியில்லை. அதோடுதான் உதித்தேன். மேகமூட்டம் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம்.

முன்நிழல் 10. ஓசைத் திருநாள்

இன்று ஊரே கையில் கிடைத்த பாத்திரத்தைத் தட்டி முட்டுமலையைப் பயமுறுத்துகிற நாள். மலை கொஞ்சம் நகர்ந்து வழிவிடும் என்று நம்பிக்கை. இத்தனை தலைமுறையாகத் தட்டியும் அது நகரவில்லை. பாத்திரங்கள்தான் நசுங்குகின்றன.

மேற்குத் தெருவுக்கு ஊர்வலம் வந்தபோது, குமிழி வீட்டைத் தாண்டும்வரை தட்டாமல் வாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சூரியன் சொன்னதால் கேட்டார்கள். அந்த வீட்டு முன்னால் எல்லோரும் கரண்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார்கள். ஊர்வலம் போனதும் நான் படியில் உட்கார்ந்தேன். கால் வலி. வேறு காரணம் இல்லை.

“இன்னும் நிக்கறியா?” என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து.

“உக்காந்திருக்கேன்.”

“அந்தத் தட்டைக் கழட்டி வச்சுட்டுப் பேசு, நன்னா. வெயிலோட எனக்குப் பேச்சு இல்ல.”

கழற்றி மடியில் வைத்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஆகவே மெத்தையைப் பற்றிப் பேசினேன். பஞ்சை எத்தனை தடவை அடித்தால் கட்டி உடையும், ஓரத் தையல் ஏன் இரட்டையாகப் போட வேண்டும் என்று விளக்கினேன். வெகு நேரம் விளக்கினேன். துக்கத்தில் இருக்கிற ஒருத்திக்கு ஆறுதலாக ஓரத் தையலைப் பற்றிச் சொன்ன முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

கடைசியில் அவள் சொன்னாள்: “ஓரி ஒரு பக்கமாவே படுப்பான். அவன் மெத்தைல அந்தப் பக்கம் மட்டும் பள்ளம்.”

“கொண்டா, சரி பண்ணித் தர்றேன்.”

“வேணாம். அந்தப் பள்ளம் இருக்கட்டும்.”

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள்: “உன் முகம் ஏன் இப்படி இருக்கு?” பித்தளை அழுத்திய தடம் என்றேன்.

முன்நிழல் 22

தலைவி கூப்பிட்டு அனுப்பினார். உளுத்தம்பருப்பைப் புடைத்துக்கொண்டே பேசினார். கெட்ட செய்தி சொல்லும்போது அவருக்குக் கையில் ஏதாவது வேலை இருக்க வேண்டும்.

“குமிழி இன்னும் உன்னை வாங்கன்னு கூப்பிடலியாமே?”

“துக்கத்துல இருக்காம்மா.”

“தெரியும்ப்பா. எனக்குத் தெரியாதா? ஆனா ஊரு பயப்படுது. ஒரு வீடு வெயிலை வேணாம்னு சொன்னா வெயிலு திரும்பாதுங்கறான் ஒருத்தன். அவனைப் பார்த்து நாலு பேரு ஆமாங்கறான். பழைய முறை என்னன்னு உனக்குத் தெரியுமில்ல?”

எனக்குத் தெரியும். முழுநிழல் முடிவதற்குள் வரவேற்காத வீட்டைப் பூட்டி, அந்த வீட்டாரை மேற்கு வாசலுக்கு வெளியே மேய்ச்சல் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். வெயில் வந்த பிறகுதான் உள்ளே வரலாம். அந்தக் கொட்டகைக்குக் கூரை பாதி. இந்தக் குளிரில் ஆடுகளையே அங்கே விடுவதில்லை.

“அது முறையா அம்மா?”

“முறையில்லதான். ஆனா என்னால ஒத்தையா நின்னு தடுக்க முடியாது. அவ வாயால ஒரே ஒரு வார்த்தை. வாங்கி வந்துடு.”

ஒரு வார்த்தைதானே, அவள் சொல்லிவிட்டாள் என்று நானே போய்ச் சொல்லிவிட்டால் என்ன என்று வழியெல்லாம் யோசித்தேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியும். ஆனால் காது சிவந்துவிடும். ஊருக்கே அது தெரியும்.

முழுநிழல் 1

குமிழியிடம் கதவு வழியாகச் சொன்னேன்.

“கொட்டகைக்கா? போறேன்” என்றாள்.

“குளிர்ல செத்துப்போவ, குமிழி.”

“அவன் பனிக்குள்ள கிடக்கான். எனக்கு மட்டும் கம்பளியா?”

“ஒரு வார்த்தைதானே. சும்மா சொல்லேன்.”

“எனக்கு இல்லாததைச் சொல்ல வராது. உனக்குத் தெரியுமே.”

தெரியும். புளித்த தயிரைப் புளித்த தயிர் என்றே கூவி விற்கிறவள் அவள்.

முழுநிழல் 7

இன்று நான் உதிக்கவில்லை. தூங்கிவிட்டேன்.

அக்கா முதல்நாளே கணவாய்க்கு இந்தப் பக்கமுள்ள அடுத்த ஊருக்கு உறவுக்காரி பிரசவத்துக்குப் போயிருந்தாள். எழுப்ப ஆள் இல்லை. நான் கண்ணைத் திறந்தபோது என் அறைக்குள் ஊரில் பாதிப் பேர் நின்றிருந்தார்கள். சிலர் அழுதார்கள். ஒருவர் என் மூக்குக்கு நேரே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் புரண்டு படுத்து, “இன்னும் கொஞ்ச நேரம்” என்று சொன்னதாகச் சொல்கிறார்கள். சூரியன் சொல்லக் கூடாத சொற்கள்.

அப்படியே போர்வையோடு என்னைத் தூக்கிப் போய்க் கிழக்கு வாசலில் நிறுத்தினார்கள்.

பிறகுதான் ஒன்று தெரிந்தது. நான் வரவில்லை என்று முதலில் கண்டுபிடித்தது கிழக்குத் தெருக்காரர்கள் இல்லை. குமிழி. இத்தனை நாளில் முதல் தடவையாகக் கதவைத் திறந்து, ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குத் தனியாக நடந்து வந்து, எங்கள் எதிர்வீட்டுக்காரியிடம் “அவன் உயிரோட இருக்கானா?” என்று கேட்டாளாம். குறட்டைச் சத்தம் கேட்கிறது என்று சொன்னதும் திரும்பிப் போய்விட்டாளாம்.

எனக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. தினம் வருகிறவன் வரவில்லை என்றால் யாரும் கேட்பார்கள்.

முழுநிழல் 8

உயிரோட இருக்கானா என்றுதான் கேட்டாளாம். எதிர்வீட்டுக்காரியிடம் மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். சும்மா, தகவலுக்காக.

முழுநிழல் 16. பொய்த் திருநாள்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நிழல்பருவத்தின் நடு நாள் இன்று. இருட்டு மிகக் கனமாக இருக்கும் நாள். ஆகவே விளக்கு வைக்கும்வரை யாரும் உண்மை பேசக் கூடாது. பேசினால் கன்னத்தில் கரி பூசிவிடுவார்கள். காலையில் அக்கா தண்ணீர்ச் செம்போடு வந்து, “நீ ரொம்பச் சுறுசுறுப்பு, உன்னைத் தம்பியா அடைய நான் குடுத்து வச்சிருக்கணும்” என்றாள். போகிற வீட்டிலெல்லாம் என் அழகைப் புகழ்ந்தார்கள். இரும்படிக்கிற கருமான் வீட்டில், “உன் மெத்தையில படுத்தா முதுகு வலியே வர்றதில்ல” என்றார்கள். நான் “கஞ்சி அமிர்தம்” என்றேன். எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

கடைசி வீட்டுக்குப் போனபோது கதவு திறந்திருந்தது. குமிழி நிலைப்படியில் நின்றிருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். எனக்குப் பின்னால் மேற்குத் தெருக்காரர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். கெடுவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் தட்டைச் சரிசெய்துகொண்டு, “இன்னும் விடியல” என்றேன். இன்றைக்கு அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “ஓரி வருவானா, நன்னா?”

தெருவில் சிரிப்பு நின்றுவிட்டது.

வருவான் என்று சொன்னால், இன்றைய கணக்கில் அவன் வரவே போவதில்லை என்று அர்த்தம். அவள் கேட்க வேண்டிய நல்ல வார்த்தையை நான் சொல்ல வேண்டுமென்றால், ஒரு தாயின் முகத்துக்கு நேரே மிகக் கொடுமையான வார்த்தையைச் சொல்ல வேண்டும். தெரியாது என்று உண்மையைச் சொல்லிக் கரியை வாங்கிக்கொண்டு போய்விடலாம். அதுதான் எனக்கேற்ற வழி. வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

“வரமாட்டான், குமிழி. இனிமே இந்த வாசலை மிதிக்கவே மாட்டான்.”

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். உதடு கோணியது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். என்னை அடிக்கப் போகிறாள் என்றும் நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை.

“ரொம்பத் தைரியசாலி நீ” என்றாள். இன்றைக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு உடனே புரிந்தது.

பிறகு ஒதுங்கி வழிவிட்டு, தெருவே கேட்கும்படி சொன்னாள்: “வராதீங்க வெயிலே. அடுப்புல எதுவும் இல்ல.”

அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. நான் உள்ளே போய்க் குடித்தேன். உப்பு அதிகம். அல்லது அது என் கண்ணிலிருந்து விழுந்ததாக இருக்கலாம். புகை.

வெளியே அதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. வராதீங்க என்று சொன்னது வரவேற்பாகுமா என்று ஒரு கூட்டம். இன்றைக்கு அதுதானே வாங்க என்று இன்னொரு கூட்டம். எல்லோருமே பொய்தான் பேச வேண்டும் என்பதால் யார் எந்தக் கட்சி என்றே தெரியவில்லை. கடைசியில் தலைவியைக் கூட்டி வந்தார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். வானத்தைப் பார்த்தார். விளக்கு வைக்க இன்னும் நேரம் இருந்தது.

“செல்லாது” என்றார் உரத்த குரலில். “ஒருகாலும் செல்லாது. அவ கொட்டகைக்குப் போயே ஆகணும்.”

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. பிறகு கருமான் முதலில் சிரித்தார்.

பின்நிழல் 1

குமிழி வீட்டில் அடுப்பு தினமும் எரிகிறது. அவள் தயிர் தோய்க்க ஆரம்பித்திருக்கிறாள். கெடு வந்து போனது. யாரும் அவள் வாசலுக்கு வரவில்லை.

அவள் ஓரியின் மெத்தையை வெளியே எடுத்துத் தட்டிப் போட்டிருக்கிறாள். வந்தால் படுக்க வேண்டுமே என்கிறாள்.

நான் என்ன செய்துவிட்டேன் என்று இப்போதுதான் பயமாக இருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியாது. பஞ்சு இல்லாத உறையில் காற்றை ஊதித் தைத்து, படுத்துக்கொள் என்று கொடுத்திருக்கிறேன்.

பின்நிழல் 12

கடைசி வீட்டில் இப்போதெல்லாம் நேரமாகிவிடுகிறது. அவள் வைக்கிற மிளகு ரசம் காரணம். இதை அக்காவிடம் சொன்னேன். “நம்ம வீட்டுலயும் மிளகு இருக்கு” என்றாள்.

பின்நிழல் 24

கணவாய் திறந்துவிட்டது. உண்மையில் திறக்கவில்லை. கம்பளி வியாபாரி ஒருவர் பனியைக் குடைந்து வந்திருக்கிறார். நேராக என் கடைக்குத்தான் வந்தார், மெத்தை எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே. படுத்த பிறகுதான் செய்தியைச் சொன்னார்.

ஓரி உயிரோடு இருக்கிறான்.

சரிவில் கால் உடைந்திருக்கிறது. அந்தப் பக்கத்து ஆட்டிடையர்கள் தூக்கிப் போய், கீழே வெண்டுறை என்ற ஆற்றங்கரை ஊரில் ஒரு படகுக்காரர் வீட்டில் சேர்த்திருக்கிறார்கள். கால் கூடிவிட்டது. படகுக்காரர் மகளுக்கும் அவனுக்கும் மனசு கூடிவிட்டது. “அந்தக் குழிக்குள்ள இனிமே வரமாட்டேன், இங்க தினம் வெயில் அடிக்குதுன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க” என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே பெரிய பொய். அதுவும் பலித்துவிட்டது.

தட்டும் அங்கியும் இல்லாமல் ஓடினேன். தயிர்ப் பானைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருக்கிறான் என்பதை முதலில் சொன்னேன். முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். முதுகு மட்டும் குலுங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு பானையை மூடி வைத்தேன். பிறகு மீதியையும் சொன்னேன்.

மெல்ல நிமிர்ந்தாள்.

“வரமாட்டேன்னானா?”

“ஆமா.”

“உயிரோட இருந்துக்கிட்டு?”

“ஆமா.”

“நான் இங்க சோறு தண்ணி இல்லாம கிடந்தேன். அவன் அங்க வெயில் காஞ்சுக்கிட்டு, பொண்ணு பார்த்துக்கிட்டு...” எழுந்து நின்றாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. ஆனால் கோபத்தில் அவளுக்குப் பழைய நிறம் வந்துவிட்டது. “நேர்ல போய் அந்தக் கன்னத்துல ஒண்ணு வைக்கணும். வழி சரியானதும் கிளம்பறேன்.”

பானைகளைப் பார்த்தபடியே கேட்டாள்: “நீயும் வர்றியா?”

நான் சொன்ன பதிலை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன். பிற்காலத்தில் என்னைப் பற்றி எனக்கு உயர்வான எண்ணம் ஏதாவது வந்தால் படித்துக்கொள்ளலாம்.

“எனக்கு மெத்தை வேலை நிறையக் கிடக்கு, குமிழி.”

பின்நிழல் 25

அக்கா என்னோடு பேசவில்லை. தண்ணீர் மட்டும் ஊற்றினாள். வழக்கத்தைவிடக் குளிர்ந்த தண்ணீர்.

பின்நிழல் 27

அக்கா பேசிவிட்டாள்.

“ஊரு முழுக்கச் சுத்தி வந்து கடைசி வீட்டுல போய் உக்காந்தியே, ரசத்துக்கா? அவ கேட்டுட்டாடா. பொம்பளை அவ வாய்விட்டுக் கேட்டுட்டா. நீ பஞ்சு மூட்டையைக் காரணம் சொல்லிட்டு வந்திருக்கே.”

“மேற்கு வாசலைத் தாண்டி நான் போனதே இல்ல, அக்கா.”

“அதான் தெரியுதே.”

ஒழுகல் மாதம், முதல் நாள். வரவேற்புத் திருநாள்

கூரைகளெல்லாம் ஒழுக ஆரம்பித்துவிட்டன. இன்று மதியம் சூரியன் வர வேண்டிய நாள். ஊரே மேட்டில் நின்றது. நான் முன்னால், மஞ்சள் அங்கியில். மலை விளிம்பில் ஒரு பொட்டு வெளிச்சம் எரிந்தது. ஜனங்கள் அலறினார்கள். என் அக்கா அழுதாள்.

பொறுப்புச் சூரியன் அப்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தட்டைக் கழற்றிக் கீழே வைத்து, வெயிலைப் பார்த்து, “நீ விட்டுட்டுப் போனபடியே ஊரு இருக்கு. ஒருத்தரும் குறையல. ஒப்படைக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். அதோடு வேலை முடிந்தது. பிறகு விருந்து.

தட்டைக் கழற்றினேன். கூட்டத்தைப் பார்த்தேன். குமிழி இல்லை. காலையில் அவள் வீட்டுக் கதவு பூட்டியிருந்ததைப் பார்த்து, விருந்துக்குச் சமைக்கப் போயிருப்பாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். அவள் விடியுமுன்னே கணவாய்க்குக் கிளம்பிவிட்டாள். அது எனக்கு அந்த இடத்தில், அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் உறைத்தது.

“நீ விட்டுட்டுப் போனபடியே ஊரு இருக்கு” என்றேன். அடுத்தது வரவில்லை.

“சொல்லுப்பா” என்றார் தலைவி.

“ஒருத்தி குறையுது” என்றேன்.

கூட்டம் முணுமுணுத்தது. வெயில் நேராக என் கண்ணில் அடித்தது. மூன்று மாதம் அதற்காக நான் வேலை பார்த்திருக்கிறேன், கொஞ்சம் தள்ளி அடித்தால் என்ன.

“அவ மலையேறிப் போயிருக்கா. நான் போய்க் கூட இருந்து பார்த்துட்டு வர்றேன். மத்ததெல்லாம் சரியா இருக்கு. ஒப்படைக்கிறேன்.”

தட்டைத் தலைவியின் கையில் திணித்தேன். அவர் தட்டைத் திருப்பி, என் முகத்தில் வெளிச்சம் அடிக்கும்படி ஒருமுறை காட்டிவிட்டு, “காது சிவக்கல, உண்மைதான்” என்று கூட்டத்திடம் சொன்னார்.

அக்கா மேட்டுக்குக் கீழே ஒரு மூட்டையோடு நின்றாள். கம்பளி, கட்டுச்சோறு, அப்பாவின் பழைய செருப்பு. எப்போது கட்டி வைத்தாள் என்று கேட்டேன். “ஓடுடா” என்றாள்.

ஒழுகல் 2

கணவாய் உச்சி. நிறைய எழுத விரல் மடங்காது. நேற்றே பிடித்துவிட்டேன் அவளை. ஒரு பாறையில் உட்கார்ந்து தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்க, மஞ்சள் அங்கியில் பாதி கிழிந்து, நான் போய் நின்றேன்.

“மெத்தை வேலை முடிஞ்சுதா?” என்றாள்.

“முடியல.”

நகர்ந்து இடம் விட்டாள்.

தேதி தெரியவில்லை. வெண்டுறை

ஒழுகல் ஐந்தோ ஆறோ இருக்கும். இங்கே யாரிடம் கேட்டும் பயனில்லை. இவர்களுக்கு ஒழுகல் மாதமே கிடையாது. ஒழுகுவதற்கு எதுவும் இல்லை. படகுக்காரரிடம் இன்று என்ன நாள் என்றால் “வலை காயப்போடற நாள்” என்கிறார். வெயில் காலையில் எழுந்து, யாரும் கூப்பிடாமல், தலைக்கு நேரே ஏறி, மாலைவரை வறுக்கிறது. அண்ணாந்து பார்த்து யாரும் கையசைப்பதில்லை. எனக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் தோல் உரிய ஆரம்பித்ததும் பாவம் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

ஓரியைக் கரையில் பார்த்தோம். படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். குமிழி நேராகப் போய் ஓங்கி ஓர் அறை வைத்தாள். அவன் “அம்மா” என்பதற்குள் இழுத்து அணைத்துக்கொண்டாள். தார் இருவர் மேலும் ஒட்டிக்கொண்டது. படகுக்காரர் மகள் இமிழ் ஓடி வந்து, எதற்கு அடி, எதற்கு அழுகை என்று புரியாமல், பாதுகாப்புக்காக என்னைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீ இங்க வரணும்னுதான்மா, நான் வரமாட்டேன்னு சொல்லி அனுப்பினாத்தான் நீ கோவத்துல கிளம்பி வருவேன்னு நினைச்சேன்” என்றான் அந்தப் பயல்.

“இதை இப்ப யோசிச்சியா, அப்பவே யோசிச்சியா?” என்றாள் குமிழி.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “இப்பதான்.”

இன்னொன்றும் தெரிந்தது. இவர்களுக்கும் ஒரு பெரிய திருநாள் உண்டு. கோடை நடுவில், ஆறு வற்றி மண் வெடிக்கும்போது, தெற்கிலிருந்து முதல் மேகம் வரும். அதன் நிழல் ஊர்மேல் விழுகிற நாள்தான் இவர்களுக்கு எல்லாம். வேலையை விட்டுவிட்டு எல்லோரும் தெருவில் பாயை விரித்து அந்த நிழலில் படுத்துக்கொள்வார்களாம். நாங்கள் மூன்று மாதம் விரட்டுகிற சாமான் இவர்களுக்கு ஒரு மதியம் கிடைத்தால் விருந்து. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு தொழில்புத்தி வந்தது: வெறும் பாயா? ஒரு மெத்தை கூடவா இல்லை?

மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். ஆற்று மீன். எங்கள் ஊரில் மீன் கிடையாது. முள்ளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இமிழின் அம்மா பரிமாறிக்கொண்டே பொதுவாகச் சொன்னார்: “நிழல் விழற அன்னிக்குத்தான் இங்க கல்யாணமெல்லாம் வைப்போம். இதுங்க ரெண்டுக்கும் அன்னிக்குத்தான். வயசானவங்க ஜோடியும் ஒண்ணு ரெண்டு வரும்.” குமிழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “நீங்களும் அதுக்குத்தான் கூட வந்திருக்கீங்களோ?”

ஓரி சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

குமிழி இன்னொரு துண்டு மீனை எடுத்து முள் நீக்கிக்கொண்டே சொன்னாள்: “அவரு இன்னும் கேக்கல.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய் நிறையச் சோறு. தொண்டையில் ஒரு முள். இந்த மாதிரி நேரத்தில் மனிதர்கள் ஏதோ அழகாகப் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் ஒரு வாய் வெறும் சோற்றை உருட்டி விழுங்கி, தண்ணீர் குடித்து, முள் இறங்கிவிட்டதா என்று தொண்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, “என்னைக் கட்டிக்கறியா, குமிழி?” என்றேன். குரல் தவளை மாதிரி வந்தது.

அவள் தலையைத் தூக்கவில்லை. முள் எடுத்த துண்டை என் தட்டில் வைத்தாள்.

“சரி. முதல்ல மீனைச் சாப்பிடு, ஆறுது.”